மொட்டைத் தலையோடு எடுத்த எக்ஸ்ரே

சம்பந்தி,

இன்று காலை புதூர்நாட்டு மலையிலிருந்து இறங்கிய ஜீப்பில் ஒரு பலாப்பழம் வந்து சேர்ந்தது. உங்களுக்குப் பிறகு விடுதிச் சமையலுக்கு வந்திருக்கிறாளே, அந்தப் பெண் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சாக்கைப் பிரிப்பதற்குள் வாசம் எனக்கு முன்னால் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் வந்தாலும் அப்படித்தானே, கூடத்தில் நாற்காலி போட்டு வைத்தால் அதைத் தாண்டிப் போய் அடுப்படியில் உட்காருவீர்கள்.

கத்தியில் எண்ணெய் தடவி நானே அறுத்தேன். நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்களா? "குடுங்க சம்மந்தி, நீங்க அறுத்தா சுளையெல்லாம் கொத்துக்கறி ஆயிடும்" என்று பிடுங்கியிருப்பீர்கள். இன்றைக்குக் கொத்துக்கறிதான் ஆனது. நம் பேத்தி அதையும் விடாமல் தின்றுவிட்டு, பிசின் ஒட்டிய கையை என் புடவையில் துடைத்தாள். எண்ணெய் போட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்போது உங்கள் ஞாபகம் வந்தது. அதோடு அந்த எக்ஸ்ரே பெட்டியின் ஞாபகமும் வந்தது. எனக்கு இரண்டையும் பிரித்து நினைக்கத் தெரியவில்லை.

சம்பந்தி என்றால் வாங்க போங்க என்று பேசி, காப்பி கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பிவிட்டு, அப்புறம் உள்ளே போய்க் குறை சொல்வதுதான் நம் பக்கத்து மரியாதை. நாம் குறையையும் நேரிலேயே சொல்லி முடித்துக்கொண்டோம். பெண் பார்க்க நான் மலை ஏறி வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. பெண்ணுக்குப் பதில் நீங்கள் காப்பித் தட்டோடு வந்தீர்கள். "பொண்ணு நல்லாத்தான் கீது, வயசுதான் கொஞ்சம் கூட" என்றேன். கதவுக்குப் பின்னால் உங்கள் மகள் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டை நீட்டி, "உங்க புள்ளைக்காவது கண்ணு சரியா தெரியுமா? அம்மாவுக்குத் தெரியல, அதான் கேக்கறேன்" என்றீர்கள். என் மனசுக்குள் அந்த இடத்திலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது.

நீங்கள் கத்தோலிக்கர், நாங்கள் சபைக்காரர்கள். அதை வைத்து நாம் ஓட்டிய ஓட்டு கொஞ்சமா? எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போது உலை வைத்தால் முடிக்கும்போது பந்தியே போட்டுவிடலாம் என்பீர்கள். உங்கள் கோயிலில் செலவாகும் மெழுகுவர்த்திக்கு எங்கள் தெருவுக்கே கரண்டு கம்பி இழுத்துவிடலாம் என்பேன்.

ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் குழந்தை நிற்கவில்லை. நான் சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். நீங்கள் மாதாவுக்கு மொட்டை நேர்ந்துகொண்டீர்கள். அவள் முழுகாமல் இருந்து ஏழாம் மாதம் பிறந்ததும், பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இருந்ததா உங்களுக்கு? முட்டி வரை தொங்கிய அந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றீர்கள். "எங்க சபை ஜெபத்துக்கே கேட்டுடுச்சி, நீங்க எதுக்கு முடிய வுட்டீங்க?" என்று கேட்டேன். "உங்க ஜெபத்த மேல எடுத்துக்கினு போவ ஆளு வேணாமா? மாதாதான் தூக்கினு போனாங்க" என்றீர்கள்.

அந்த மாதமே வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு மகளை மலைக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே விடுதிக்குப் பின்னால் உங்களுக்குக் கொடுத்திருந்த அந்த ஓர் அறை வீடு. அந்த அறையில்தான் அவளும் நீங்களும் படுத்தீர்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கும் அங்கேயேதான் தூளிக் கயிறு கட்டி வைத்திருந்தீர்கள். சன்னல் ஒன்று, அதையும் குளிருக்குப் பயந்து மூடிவிடுவீர்கள்.

அதற்கடுத்த மாதம் மருமகளைப் பார்க்க எலுமிச்சங்காய் ஊறுகாயோடு நான் மேலே வந்தேன். நீங்கள் இளைத்திருந்தீர்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதைப் பார்க்காதவர் இல்லை. பார்த்த எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். "மொட்டை அடிச்சதுல மொகம் சின்னதாயிடுச்சி." நானும் அதையே சொன்னேன். நீங்களும் அதையே நம்பினீர்கள். முடி இருந்தவரைக்கும் முகத்தைச் சுற்றி ஒரு பந்தல் இருந்தது, பந்தலைப் பிரித்ததும் வீடு சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். எப்போதாவது இரண்டு இருமல் வரும். விறகுப் புகையில் விடுதிக்கே சமைப்பவள் இருமாமல் என்ன செய்வாள்?

மறுநாள் விடுதி மைதானத்துக்கு எக்ஸ்ரே வந்தது. எக்ஸ்ரே என்றால் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் இரும்புப் பூதம் போல நிற்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இது கல்யாண வீட்டு போட்டோக்காரர் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பெட்டி அளவுதான் இருந்தது. அதை ஒரு ஸ்டாண்டு மேல் பொருத்தி, எதிரே ஒரு பலகையை நிறுத்தி, மேசை மேல் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, "எல்லாரும் வாங்க, நெஞ்சுல சளி கிளி இருக்குதான்னு பாத்துடலாம்" என்று கூப்பிட்டார் அதைக் கொண்டுவந்த தம்பி. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். கர்ப்பமாக இருப்பவர்கள் கயிற்றுக்கு உள்ளே வரக்கூடாது என்றார். ஸ்டெல்லா தூரத்தில் பலாமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

படம் பிடிக்கிறார்கள் என்றால் நம் ஜனங்கள் சும்மா வருவார்களா? ஒருத்தி பவுடர் போட்டு வந்தாள். ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு விறைத்து நின்றார். தம்பி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என்னை மட்டும் சொல்வானேன், சடையைத் தூக்கி வலது தோள் மேலாக முன்னால் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடுதான் நான் போய் நின்றேன். பலகையில் நெஞ்சை ஒட்டி மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஒரு சின்னச் சத்தம். படம் கம்ப்யூட்டரில் வந்தது. என் விலா எலும்புகள்! நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக ஒரு வெள்ளைப் பை போல என் இதயம். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது தோளுக்குக் கீழே ஒரு சிவப்பு பூத்தது. மெஷின் தானாகவே அந்த இடத்துக்குச் சாயம் பூசியது.

என் சிரிப்பு நின்றுபோனது. தம்பி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சடைய முன்னாடி போட்டுக்கினு நின்னீங்களா? அடர்த்தியான முடி விழுந்தா நோவு மாதிரியே தெரியும்மா. தூக்கிக் கட்டிக்கினு வாங்க." கொண்டை போட்டு உச்சியில் சொருகிக்கொண்டு மறுபடி நின்றேன். சிவப்பு போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "மெஷினே உங்க சடையப் பாத்து மயங்கிப்போச்சி சம்மந்தி!"

"மொட்டைக்கு வந்த பேச்சப் பாரு. நீங்க போய் நில்லுங்க, பாக்கலாம். உங்ககிட்ட அத ஏமாத்த ஒரு முடிகூட இல்ல."

"எனக்கின்னா? கல்லு மாதிரி கீறேன். அடுப்புல கொழம்பு கொதிக்குது, அப்பறம் வர்றேன்."

"கொழம்பு ஒண்ணும் ஓடிப்போவாது. பயமா?"

பயம் என்று சொன்னால் நீங்கள் பொறுப்பீர்களா? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தீர்கள். கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள். பலகையைக் கட்டிப்பிடிப்பது போல நின்றீர்கள். மொட்டைத் தலை வெயிலில் மின்னியது.

படம் வந்தது. நான் கேலி பேச வாயைத் திறந்திருந்தேன். என் படத்தில் சிவந்ததே, அதே இடம், வலது தோளுக்குக் கீழே சிவந்தது.

தம்பி திரும்பி உங்களைப் பார்த்தார். தலையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒதுக்கிவிட ஒரு சடை கிடைக்காதா என்று அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. நானும் தேடினேன். கழுத்துச் சுருக்கத்தைக்கூட விடாமல் தேடினேன். மாதாவுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்த தலையில் என்ன இருக்கும்? இன்னொரு முறை எடுத்தார். சிவப்பு அங்கேயே இருந்தது.

மரத்தடியிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள். "அம்மா, இன்னாச்சி? எதுக்கு ரெண்டு தபா?"

"ஒண்ணும் இல்லடி! மொத தபா மொகம் சரியா வுழல!" என்று நீங்கள் திரும்பிக் கத்தினீர்கள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பதக்கத்தை மட்டும் கழுத்தில் போடாமல் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டீர்கள்.

தம்பி நல்ல பிள்ளை. "இந்த மெஷினு சந்தேகம்னுதான் சொல்லும்மா. இத வெச்சி மட்டும் முடிவு பண்ண மாட்டாங்க. சளி குடுங்க, டெஸ்ட்டு பண்ணி டாக்டர் சொல்லுவாரு" என்றார். நீங்கள் சளி டப்பாவோடு அந்தப் பக்கம் போனதும் நான் அவரிடம் கேட்டேன். "தம்பி, இவங்களுக்கு ஜுரம் இல்ல, படுக்கல, வேலைக்குப் போறாங்க. எங்க யாருக்கும் தெரியாதது இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"அதுக்குக் கத்துக் குடுத்திருக்காங்கம்மா. ஏகப்பட்ட பேரோட நெஞ்சுப் படத்தக் காட்டி, இதுல நோவு இருக்குது, இதுல இல்லன்னு சொல்லிச் சொல்லிப் பழக்குவாங்க. பாத்துப் பாத்து அதுக்கு ஒரு அடையாளம் புடிபட்டுடும். அப்பறம் புதுசா யாரு படம் வந்தாலும் சொல்லிடும்."

"நான் அஞ்சாவதோட நின்னுட்டேன். இது எத்தினியாவது வரைக்கும் படிச்சிருக்குது?"

"அது இன்னும் படிச்சினே இருக்குதும்மா" என்று சிரித்தார்.

சளி டெஸ்ட்டில் காசநோய் என்றே வந்தது. மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும் என்றார்கள். ஸ்டெல்லாவையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. பிறகு அங்கிருந்த நர்சம்மா மெதுவாகச் சொன்னார். மூடிய ஓரறை வீட்டில் உங்களோடு அவள் இருக்கக்கூடாது. பிறக்கும் பச்சைக் குழந்தைக்கு இது ஒட்டினால் ரொம்ப ஆபத்து. மருந்து வேலை செய்து, கிருமி போய்விட்டது என்று தெரியும்வரைக்கும் தாயும் பிள்ளையும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் நோயைச் சொன்னபோது நீங்கள் அழவில்லை. இதைச் சொன்னபோதுதான் உடைந்துபோனீர்கள். முற்றத்தில் எனக்கு நாலடி தள்ளி, முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "தலைப்பிரசவத்துக்குக் கூட்டினு வந்த பொண்ண யாராவது திருப்பி அனுப்புவாங்களா சம்மந்தி? அப்பன் இல்லாத பொண்ணு, ஆத்தாளும் கைய விரிச்சிட்டான்னு ஊரு பேசாதா? நாளைக்கு உங்க வூட்லயே யாராவது சொல்லிக் காட்டினா எம்பொண்ணு எங்க போவா?"

"எங்க வூட்ல சொல்லிக் காட்டற ஒரே வாய் என்னுதுதான். அத நான் பாத்துக்கறேன். ஊரு வாய்க்கு மாவு கரைச்சி வெச்சிருக்கேன், ஆளுக்கு ரெண்டு இட்லி ஊத்தி அடைச்சிடலாம்" என்றேன். இட்லி மாவு விற்றுப் பிழைக்கிறவளுக்கு வேறு என்ன வைத்தியம் தெரியும்? நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். முகமூடி உள்ளே போய் வெளியே வந்தது.

ஸ்டெல்லாவை ஜீப்பில் ஏற்றும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "இன்னாங்க, பிரசவத்துக்கு வந்த பொண்ணு திரும்பிப் போவுது?" என்று ஒருத்தி கேட்டாள். என் நாக்கு நுனியில் நல்ல பொய் ஒன்று தயாராக இருந்தது. எனக்கு வீட்டில் துணைக்கு ஆள் இல்லை என்று அளந்துவிட்டிருப்பேன். அதற்குள் நீங்கள் தூரத்தில் இருந்தபடியே சொன்னீர்கள். "எனக்கு நெஞ்சுல டி.பி.ங்க. கொழந்தைக்கு ஆவாது. மாத்திரை சாப்புடறேன், நல்லானதும் போய்த் தூக்குவேன்." அந்த நோயின் பெயரைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி யாரும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த முறை எக்ஸ்ரே வந்தபோது வரிசை ரோடு வரைக்கும் நின்றது என்று பிறகு நீங்களே போனில் சொன்னீர்கள். அன்றைக்கு எது பெரிய அதிசயம் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். பெட்டி உங்கள் நெஞ்சுக்குள் பார்த்ததா, நீங்கள் அதை ஊருக்கு முன்னால் திறந்து காட்டியதா?

குழந்தை வேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. போனில் வீடியோ போட்டுக் காட்டினேன். நீங்கள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கல்லாகிவிட்டீர்கள். படம் நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டினேன். பிறகுதான் புரிந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "சம்மந்தி, போன்ல ஒட்டாது, மூச்சு வுடுங்க!" என்று கத்தினேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் வந்துவிட்டீர்கள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டீர்கள். நான் நிலைப்படியில் குழந்தையை ஏந்தி நின்றேன். "காது எப்படி இருக்குது? இந்தப் பக்கம் திருப்புங்க. கால் விரல காமிங்க." கடையில் துணி விரிப்பவளைப் போல நான் குழந்தையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். போதும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. கடைசி பஸ்தான் உங்களைப் பிரித்துக் கொண்டுபோனது.

கிருமி இல்லை, இனிக் குழந்தையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மலையிலிருந்து நேராக வந்தீர்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினீர்கள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினீர்கள். "தோலு உரிஞ்சிடும், வாங்க" என்றேன். உட்கார்ந்து மடியை விரித்தீர்கள். குழந்தையை வைத்தேன். உங்களுக்கு அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது, அவளுக்கும் அப்படித்தான். குனிந்த தலையும் மடியில் கிடந்த தலையும் ஒரே அளவு முடியோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஸ்டெல்லா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மருந்து முழுக்க முடிந்தபின் மறுபடி படம் எடுத்தார்கள். நானும் கூட வந்தேன். அந்தத் தம்பியே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சிவந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும், ஆறிய சூடு மாதிரி. நீங்கள் வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏகப்பட்ட பேரோட படம் என்று அந்தத் தம்பி சொன்னாரே, அவர்களெல்லாம் யார் சம்பந்தி? எந்த ஊரில், எந்தப் பாஷைக்காரர் முன்னால் சட்டையைக் கழற்றி, பலகையைக் கட்டிப்பிடித்து, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றார்கள்? அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்களோ, எத்தனை பேர் வீட்டில் குழந்தையைத் தூக்க ஆள் இல்லாமல் போனதோ. புதூர்நாடு என்ற பெயரையே அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் நெஞ்சைப் பார்த்த பார்வைதான் உங்கள் நெஞ்சைப் பார்த்தது. ஒரு விடுதிச் சமையல்காரிக்காக, பிறக்காத ஒரு குழந்தைக்காக, முகம் தெரியாத அத்தனை பேரும் வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "இதோ, இந்த இடம்" என்று விரலை வைத்தது போல இருக்கிறது எனக்கு. சபையில் கண்ணை மூடினால் இப்போதும் முதலில் அவர்களுக்குத்தான் ஜெபம் பண்ணுகிறேன். பெயர் தெரியாததால் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பாஸ்டருக்கும் சௌகரியம்.

போன ஐப்பசி மழையில் நீங்கள் போனது மாரடைப்பில். நுரையீரல் கடைசிவரைக்கும் உங்களிடம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. நான் கொஞ்ச நாள் கேலி பேசாமல் இருந்தேன். வீட்டில் எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு சேதி. ஸ்டெல்லா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். கலசப்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கச்சி போன வாரம் பூவும் பழமுமாக வந்தாள். முறையோடுதான் கேட்டாள். "மொத பிரசவமும் அம்மா வூட்ல நடக்கல. எங்கக்கா அந்தக் கொறையோடவே போயிட்டா. இந்தத் தபா எங்கூட வா கண்ணு. உங்கம்மா எடத்துல நான் இருந்து பாத்துக்கறேன்."

நியாயமான பேச்சு. நான் குறுக்கே பேசக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிரைண்டரைக் கழுவினேன். ஸ்டெல்லா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கொறையா? இன்னா கொறை சித்தி?" என்றாள். "அப்பவும் எங்கம்மா வூட்லதான் பெத்தேன். இப்பவும் அங்கதான் கீறேன்."

உங்கள் தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் கிரைண்டரைப் பார்த்தேன். ஏற்கெனவே கழுவியதை மறுபடியும் கழுவினேன். வெங்காயம் அரிந்தவள் ஒருத்தி, கண்ணில் நீர் வந்தது எனக்கு.

சம்பந்தி, இதைச் சொல்லத்தான் எழுதினேன். ஊர் என்ன பேசுமோ, மகள் எங்கே போவாளோ என்று அன்றைக்கு முற்றத்தில் அழுதீர்களே. அவள் எங்கேயும் போகவில்லை. அம்மா வீடு என்று அவள் சொன்ன வார்த்தை உங்களுடையது. நான் எடுத்துக்கொள்ளவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று, அதில் பாதியை எனக்குக் கொடுத்துவிடுங்கள். முழுசாகத் திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை.